தூண்டிலும் தூண்டுகோலும்

தமிழில் 'தூண்டு' என்ற ஒரே வினையடியிலிருந்து இரண்டு கருவிகளின் பெயர்கள் பிறந்திருக்கின்றன. ஒன்று தூண்டில், மற்றது தூண்டுகோல். முன்னது இரையை மாட்டி மீனைப் பிடிப்பதற்கானது. பின்னது எண்ணெய் விளக்கின் திரியை மேலே தள்ளி, மங்கிப்போகும் சுடரை மறுபடி நின்றெரியச் செய்வது. நிகழ்நிலைக் கற்றலில் பிள்ளைகளை எப்படித் தக்கவைப்பது என்று இன்று எங்கும் பேசப்படுகிறது. அதற்கு ஊக்கல் உளவியலைத் துணைக்கு அழைக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இவ்விரு கருவிகளும் நினைவுக்கு வருகின்றன. கற்பவரை நோக்கி நாம் நீட்டுவது இவற்றில் எதை? இரண்டும் தூண்டுவதுதான். ஆனால் ஒன்றின் முடிவில் மீன் கூடைக்குள் கிடக்கிறது. மற்றதன் முடிவில் வீட்டில் வெளிச்சம் இருக்கிறது.

இது உளவியலாளருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஒரு மனிதனை, அதிலும் ஒரு சிறு பிள்ளையை, அவனுடைய நன்மைக்காகவே என்றாலும், அவன் அறியாத வழிகளில் இழுக்கலாமா என்பது ஒழுக்கம் சார்ந்த கேள்வி. அதைப் பற்றிச் சில எண்ணங்களை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

*

எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் கலாசாலையில் உளவியலைக் குறிப்புக் கொப்பியில் எழுதிப் படித்தவர்கள். பவ்லோவின் நாய், தோர்ண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் புறா என்று ஒரு சிறிய மிருகக்காட்சிச்சாலையே அந்தக் கொப்பிக்குள் இருந்தது. தூண்டல், துலங்கல், மீளவலியுறுத்தல் ஆகிய சொற்களைப் பரீட்சைக்காக மனனம் செய்தோம். வகுப்பறைக்கு வந்தபின் அவற்றின் தேவை அவ்வளவாகத் தெரியவில்லை. ஏனெனில் பிள்ளை கண்முன்னால் இருந்தது. விளங்காவிட்டால் நெற்றி சுருங்கியது, பசித்தால் தலை சாய்ந்தது. அதைப் பார்த்துக் குரலை மாற்றினோம், கதையொன்று சொன்னோம், வெளியே கூட்டிப் போனோம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்த முகம் மறைந்துபோனது. திறப்பதும் மூடுவதுமாக ஏறத்தாழ இரண்டு கல்வியாண்டுகள் கழிந்தன. 200க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் 2021 ஒக்டோபர் 21இல் திறக்கப்பட்ட பின்னரே நிலைமை மெல்லச் சீரானது. அதன்பின் 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்து மறுபடியும் கதவுகளைச் சாத்தியது. அந்தக் காலத்தில் வட்ஸ்அப் குழுக்களும் சூம் வகுப்புகளும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளமும் எங்களுடைய கரும்பலகைகளாயின. நெருக்கடிகள் போய்விட்டன, ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்று தனியார் வகுப்புகளில் பாதி கைபேசிக்குள் நடக்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது.

முகம் மறைந்ததும் பழைய கொப்பியிலிருந்த புறா திரும்பி வந்தது. புள்ளி கொடுங்கள், பட்டயம் கொடுங்கள், முதல் 10 பேரின் பெயரைக் குழுவில் போடுங்கள், தொடர்ந்து வருவோருக்கு நட்சத்திரம் கொடுங்கள் என்ற ஆலோசனைகள் வந்து குவிந்தன. சொன்னவர்கள் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார்கள். இவை எங்கிருந்து வந்தவை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஃபேர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் மீளவலியுறுத்தலின் ஒழுங்குகளைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார்கள். புறா பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் விழுந்தால், தானியம் நின்றவுடன் புறா கொத்துவதையும் விரைவில் நிறுத்திவிடுகிறது. எப்போது விழும் என்று தெரியாதபடி சில வேளை 5ஆவது கொத்துக்கும் சில வேளை 50ஆவது கொத்துக்கும் விழுந்தால், புறா சளைக்காமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. சூதாட்ட இயந்திரம் மனிதனைப் பிடித்து வைத்திருப்பது இந்த விதியினால்தான். விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் இரவுகளுக்கும் இதுவே விளக்கம். அதே ஸ்கின்னர் 1953இல் தன் மகளின் கணித வகுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு கற்பித்தல் இயந்திரத்தைச் செய்தார் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. அந்த இயந்திரம் பிள்ளைக்கு மிட்டாய் எதுவும் கொடுக்கவில்லை. தன் விடை சரி என்று உடனே தெரிந்துகொள்வதே அங்கு வெகுமதியாக இருந்தது. அவரிடமிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்வோர் பலர் இந்த இரண்டாவது பாடத்தை மறந்துவிட்டார்கள்.

இன்றைய கற்றல் செயலிகளைப் பாருங்கள். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோவில் நாள் தவறாமல் வந்தால் ஒரு தொடர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஒரு நாள் விட்டால் அது பூச்சியமாகிவிடும். விட்ட நாளைக் காப்பாற்றிக்கொள்ளச் செயலிக்குள்ளேயே சேமித்த மணிகளைச் செலவழிக்கலாம். பச்சை ஆந்தை ஒன்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். வாரந்தோறும் தரவரிசைப் பட்டியல் வரும். இத்தனையும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. இவற்றால் ஒரு மொழியின் வாசலை மிதித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த நிறுவனம் 2021இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் காலாண்டு அறிக்கைகளில் முன்னிறுத்தப்படும் கணக்கு தினசரி எத்தனை பேர் வந்தார்கள் என்பது. எத்தனை பேர் கற்று முடித்து விடைபெற்றுச் சென்றார்கள் என்பது அந்த அளவுக்கு முன்னிறுத்தப்படுவதில்லை. ஓர் ஆசிரியருக்குப் பெருமை தருவது தன்னை இனித் தேடி வரத் தேவையில்லாத மாணவன். செயலிக்கு அப்படிப்பட்ட மாணவன் நட்டம்.

*

இந்தக் கருவிகள் சொன்ன வேலையையாவது செய்கின்றனவா? ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆகியவற்றின் திறந்த நிகழ்நிலைப் பாடநெறிகளை 2012 முதல் 2018 வரை ஆராய்ந்து ரைக், ரூயிப்பேரஸ்-வலியென்ட்டே என்ற இருவர் 2019இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தைத் தொடங்கவே இல்லை. 2017-18இல் பதிவு செய்தோரில் முடித்தவர்கள் ஏறத்தாழ 3 வீதத்தினர் மட்டுமே. சரி, உளவியலைக் கொண்டு இதைத் திருத்தலாம் என்று அடுத்த ஆண்டு ஒரு பெரிய பரிசோதனையின் முடிவுகள் வெளியாயின. 'எப்போது, எங்கே படிப்பேன்' என்று கற்பவரையே திட்டம் எழுதச் சொல்வது போன்ற சிறு தூண்டுதல்கள் சுமார் 250 பாடநெறிகளில், இரண்டரை இலட்சம் மாணவர்களிடம் சோதிக்கப்பட்டன. முதல் சில வாரங்களில் சிறிது பலன் தெரிந்தது. பாடநெறியின் முடிவில் அது கரைந்துபோயிருந்தது. மனிதனின் மனம் ஒரு திருகாணியைத் திருப்பிவிட்டால் ஓடும் இயந்திரமன்று என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டியதில்லை.

அதற்கும் முன்னரே வேறோர் எச்சரிக்கை வந்திருந்தது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெற் ஆகியோர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாக்களால் வரைவதில் தாமாகவே ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடிந்தபின் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, சான்றிதழ் ஏதுமில்லாத சாதாரண விளையாட்டு வேளையில் கவனித்தபோது, வெகுமதியை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழ அரைவாசி நேரமே வரைந்தார்கள். பேனாவின் மீதிருந்த ஆசை சான்றிதழின் மீது போய்விட்டது. சான்றிதழ் நின்றதும் பேனாவும் கைவிடப்பட்டது.

இதை வைத்து வெகுமதியே கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. அந்தச் சோதனையில் பங்குபற்றியவர்கள் ஏற்கனவே ஆர்வமுள்ளவர்கள். எழுத்தென்றாலே ஒதுங்கும் பிள்ளைக்கு இழப்பதற்கு என்ன ஆர்வம் இருக்கிறது? அவனுக்கு ஒரு மிட்டாய் தொடக்கமாக அமையலாம். சொல்லாமல் கொடுத்த பரிசு எந்தக் கெடுதலையும் செய்யவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. டெசியும் ரயனும் அவர்களது சகாக்களும் பின்னர் 100க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்னறிவித்துக் கொடுக்கும் பொருள் வெகுமதிகள் உள்ளார்வத்தைக் குறைப்பதையும், மனமாரச் சொல்லும் பாராட்டு அப்படிக் குறைப்பதில்லை என்பதையும் கண்டார்கள்.

*

இந்த இடத்தில் நம் மரபில் ஒருவர் காத்திருக்கிறார். இமாம் கஸ்ஸாலி (1058-1111) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் உள்ளத்தைப் பண்படுத்தும் பகுதியில் இதே கேள்வியைத் தொடுகிறார். அவருடைய கருத்தின் சாரம் இதுதான். சிறுவனை முதலில் பந்தும் மட்டையும் காட்டித்தான் பாடசாலைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. பிறகு அழகிய உடை, அலங்காரம் என்ற ஆசையால் விளையாட்டிலிருந்து நகர்த்தலாம். அடுத்து தலைமை, மதிப்பு என்ற ஆசையால் அலங்காரத்திலிருந்து நகர்த்தலாம். கடைசியில் மறுமையின் நாட்டத்தால் அந்தத் தலைமை ஆசையையும் கழற்றிவிடலாம். ஒரே தாவலில் யாரும் உச்சிக்குப் போவதில்லை என்று அவர் அறிந்திருந்தார். அடுத்த நூற்றாண்டில் பிறந்து கெய்ரோவில் மறைந்த யூத அறிஞர் மைமோனிடிசும் அத்திப்பழமும் இனிப்பும் கொடுத்துப் பிள்ளையைப் படிக்கவைத்து, வளர வளர வெகுமதியை மாற்றிக்கொண்டுபோகும் ஆசானை உதாரணம் காட்டுகிறார். இருவேறு சமயங்களைச் சேர்ந்த இரு ஆசான்கள், குழந்தை உள்ளத்தைப் பற்றி ஒன்றையே கண்டிருக்கிறார்கள்.

எனவே, இரை காட்டுவதை நம் பெரியவர்கள் அடியோடு விலக்கவில்லை. குர்ஆன் மத்ரஸாவில் ஒரு பகுதியை முடித்த பிள்ளையின் வீட்டிலிருந்து இனிப்பு வந்து எல்லோருக்கும் பகிரப்படுவதை நாம் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் கஸ்ஸாலியின் ஏணியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஏறியதும் கைவிடப்படுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. பந்து கல்வியிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். செயலியின் தொடர் எண்ணிக்கையோ நாளாக ஆக இறுகுகிறது. 10ஆம் நாளில் இழப்பதற்கு 10தான் இருக்கிறது. 300ஆம் நாளில் 300 இருக்கிறது. கற்றலின் மீதான ஆசை வளர்ந்ததோ இல்லையோ, விட்டுவிடும் அச்சம் வளர்ந்துவிடுகிறது. இது ஏணியன்று, கீழ்ப்படியிலேயே காலைக் கட்டிவைக்கும் கயிறு.

தரவரிசைப் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். பிறர் காண வேண்டும் என்பதற்காகச் செய்வதை 'ரியா' என்று பெயரிட்டு நம் ஆலிம்கள் அஞ்சியிருக்கிறார்கள். செயலின் மதிப்பை நிய்யத்தில் வைத்த ஒரு சமூகம், பிள்ளையின் படிப்பை ஊர் பார்க்கும் பட்டியலில் தொங்கவிடும்போது சற்றுத் தயங்க வேண்டாமா? அதிலும் அந்தப் பட்டியலின் அடியில் இருப்பது எப்போதும் ஒரே சில பிள்ளைகளின் பெயர்கள்தான்.

*

நான் வாழும் நோட்டன் பிரிட்ஜ் பகுதியில் இந்தக் கருவிகளுக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. அது தோட்டத்தின் செக்ரோல். காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுப்பது, நாளில் சில தடவை கொழுந்தை நிறுப்பது, குறித்த கிலோ பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், கூடுதலாகப் பறித்தால் அதற்கென்று காசு. இதைவிடத் துல்லியமான மீளவலியுறுத்தல் ஒழுங்கை எந்தச் செயலி வடிவமைத்துவிடப் போகிறது? 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி 620 ரூபா நாட்சம்பளத்தில் 140 ரூபா வரவுக்கான கொடுப்பனவாக இருந்தது. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதத்துக்குக் குறையாமல் வந்தவர்களுக்கே அது கிடைத்தது. 2016இல் அது 60 ரூபாவாகி, உற்பத்தித்திறனுக்கென்று 140 ரூபா சேர்ந்தது. 2019 ஒப்பந்தத்தில் இரண்டும் நீக்கப்பட்டன.

காய்ச்சலில் படுத்த நாட்கள் கூடிப்போனால் முழு மாதத்தின் கொடுப்பனவையும் இழக்கும் அந்தத் தாயின் கணக்கும், ஒரு நாள் விட்டால் பூச்சியமாகும் அவளுடைய மகளின் கணக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. தாயின் கணக்கில் ஒரு நேர்மையாவது இருந்தது. அவள் கொழுந்தைக் காதலித்துப் பறிக்கிறாள் என்று எவரும் பாசாங்கு செய்யவில்லை. கல்வியை நாம் வேறுவிதமாகச் சொல்லித்தானே இந்த மலைகளுக்குக் கொண்டுவந்தோம்? நிறுவைத் தட்டிலிருந்து பிள்ளையை விடுவிக்கும் வழி என்றுதானே சொன்னோம்? விடுவிக்க வந்த கல்வி தானும் ஒரு நிறுவைத் தட்டோடு வந்து நின்றால், பிள்ளை அதிலிருந்து கற்பது பாடத்தையல்ல, தட்டை.

*

இனி, இந்த வாதத்துக்கு எதிரான வலுவான ஒரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். அதை ஓர் இளம் ஆசிரிய நண்பர் என்னிடம் கேட்டார். "சேர், வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது, படித்த உம்மா இருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வாப்பா இருக்கிறார். அதெல்லாம் ஊக்கல்தானே? இவை ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு ஒரு நட்சத்திரத்தையும் கொடுக்காதே என்பது என்ன நியாயம்?"

இதற்கு உடனடிப் பதில் இல்லை, யோசித்தே சொல்ல வேண்டும். அவர் சொல்வதில் பாதி முழு உண்மை. ஊக்கம் என்பது பிள்ளையின் நெஞ்சுக்குள் மட்டும் ஊறும் ஊற்றன்று. அதற்கு வீடும் நேரமும் ஒரு வேளைச் சோறும் வேண்டும். ஆனால் அந்த வாதமே நம்மை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகிறது. இல்லாதது அறையும் இணைப்பும் என்றால், கொடுக்க வேண்டியதும் அவற்றைத்தானே?

நோட்டன் பிரிட்ஜை வெளியூரில் உள்ள நம்மவர்கள் பலர் ஒரு துயரத்தினால்தான் அறிவார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, சுராபாயாவிலிருந்து இந்தோனேசிய ஹஜ் பயணிகள் 182 பேரை ஏற்றிவந்த விமானம் எங்கள் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 உயிர்களும் போயின. இன்னொரு சிறப்பும் இந்த ஊருக்கு உண்டு. 1918இலேயே நீர்மின் உற்பத்தி பற்றி வாதிட்ட பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கிய அணை இங்கேதான் இருக்கிறது. 1950இல் இந்த நீரைக் கொண்டு லக்சபானவில் மின் பிறந்தது. கொழும்பின் தெருக்கள் ஒளிர்ந்தபின்னும் இங்குள்ள லயன்களில் எத்தனையோ ஆண்டுகள் குப்பிவிளக்குத்தான் எரிந்தது. மின்சாரத்துக்கு நடந்தது பின்னர் அலைவரிசைக்கும் நடந்தது. மலை மறைத்த லயன்களுக்குச் சமிக்ஞை எட்டாது.

லேர்ன்ஏசியா நிறுவனத்தின் 2018 ஆய்வின்படி, நாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் இணைய இணைப்பு இருந்தது. 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது போகிட்டியாவ, லுணுகலைப் பகுதிகளில் பிள்ளைகள் சமிக்ஞை தேடிக் காட்டுப் பாதையில் நடந்து பாறைகளிலும் மரத்தின் மேல் கட்டிய குடிலிலும் இருந்து படித்த செய்தியை உலகமே பார்த்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஊக்கம் போதாது என்று எந்த உளவியலாளர் சொல்லுவார்? எங்கள் பக்கத்திலும் வீட்டின் ஒரே கைபேசி தகப்பனோடு கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தது. மூன்று பிள்ளைகள் ஒரு கைபேசிக்கு முறை வைத்தார்கள். டேட்டா தீர்ந்தால் வகுப்பும் தீர்ந்தது. அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே 'ஆர்வமில்லை' என்று எழுதுவது மிக எளிது. ஊக்கல் உளவியலின் மிகப் பெரிய ஆபத்து இங்கேதான் இருப்பதாக நான் நினைக்கிறேன். பாதை இல்லாததை அது மனம் இல்லாததாக மொழிபெயர்த்துவிடுகிறது. பாதை போடுவது அரசின் கடமை, மனத்தை மாற்றுவதோ பிள்ளையின் பொறுப்பு. இப்படிச் சுமை சத்தமில்லாமல் தோள் மாறிவிடுகிறது.

தமிழகத்தில் காமராஜர் 1950களில் பகலுணவைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். இலங்கையில் கன்னங்கரவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது, 1980 முதல் இலவசப் பாடநூல் வந்தது. சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு என்பது உண்மை. ஆயினும் அந்தச் சோற்றை யாரும் இரை என்று சொல்வதில்லை. பசி படிப்புக்குத் தடை, சோறு அந்தத் தடையை அகற்றியது. முதலிடம் பெற்றவனுக்கு மட்டும் சோறு என்றோ, ஒரு நாள் வராவிட்டால் அடுத்த நாள் சோறில்லை என்றோ வைத்திருந்தால் அது தூண்டிலாகியிருக்கும். எல்லோருக்கும் கிடைத்ததால் அது உரிமையாயிற்று. என் நண்பருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். ஏழைப் பிள்ளைக்கு நட்சத்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவனுக்குச் சேர வேண்டிய சோற்றுக்குப் பதிலாக நட்சத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

*

இரை காட்டுபவனின் நோக்கமும் கேள்விக்குரியது. இந்தியாவில் 2011இல் தொடங்கிய பைஜூஸ் நிறுவனம் 2015இல் கற்றல் செயலியை வெளியிட்டு, பெருந்தொற்றுக் காலத்தில் வீங்கிப் பெருத்து, 2022இல் 2200 கோடி டொலர் என்று மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், பெற்றோரை நெருக்கிக் கடன் ஒப்பந்தங்களில் மாட்டிப் பாடநெறிகளை விற்றதாக எழுந்த முறைப்பாடுகளின் பேரில், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைமை அதிகாரியை அழைத்தது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உட்படுத்தப்பட்டது. அதன் பாடக் காணொளிகளில் பல நன்றாகவே செய்யப்பட்டிருந்தன. கெட்டுப்போனது பாடமன்று. பிள்ளையின் ஆசையும் பெற்றோரின் அச்சமும் விற்பனைச் சரக்காக மாறியதுதான் அங்கே நடந்தது.

ஆகவே ஒரு தூண்டுதல் நல்லதா கெட்டதா என்று நிறுத்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, அது ஒதுங்கிக்கொள்ளும் நாளை எதிர்பார்க்கிறதா, அல்லது என்றும் நீடிக்கவா? இரண்டு, கற்பவன் அதிலேயே கிடந்தால் இலாபம் யாருக்கு? மூன்று, 'உன்னை இழுக்க இப்படிச் செய்கிறேன், காரணம் இது' என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? 'மகன், இந்த வாரம் வாசித்து முடித்தால் சனிக்கிழமை ஆற்றங்கரைக்குப் போவோம்' என்று சொல்லும் உம்மாவால் மூன்றுக்கும் கூசாமல் பதில் சொல்ல முடியும். புறாவின் விதியைக் குழந்தையின் இரவுக்குள் பொருத்திய வடிவமைப்பாளரால் முடியாது.

*

டெசியும் ரயனும் மனிதன் தானாக இயங்க மூன்று தேவைகளைச் சொன்னார்கள். தன் செயலில் தனக்கு ஒரு சொல் இருக்க வேண்டும், தன்னால் முடிகிறது என்று உணர வேண்டும், தன்னைப் பொருட்படுத்தும் ஒருவர் இருக்க வேண்டும். இதில் நவீனமானது சொல்லாட்சி மட்டுமே. நல்ல ஆசான்கள் இதை எப்போதும் செய்துதான் வந்திருக்கிறார்கள். நிகழ்நிலையிலும் இதைச் செய்ய வழியுண்டு. ஒரு மணி நேரச் சூம் வகுப்புக்குப் பதில் 5 நிமிடக் குரல்பதிவு, சமிக்ஞை வரும் நேரத்தில் பிள்ளையே இறக்கிக்கொள்ளும். இரண்டு கணக்குகளில் எதைச் செய்வதென்று பிள்ளையே தெரிவு செய்யலாம். செய்து அனுப்பினால் கைதட்டும் படத்தை அனுப்பாமல், 'மூன்றாவது வரியில் நீ கழித்த விதம் எனக்குப் பிடித்தது' என்று பெயர் சொல்லிப் பதில் அனுப்பலாம். இரண்டு நாள் காணாவிட்டால் குழுவில் பெயர் போடாமல் வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுக்கலாம். இணைப்பே இல்லாத லயனுக்கு அச்சிட்ட தாளைக் கொழுந்து லொறியில் கொடுத்தனுப்பலாம். இவற்றில் எதையும் ஒரு செயலி தானாகச் செய்துவிடாது. ஒருவர் நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

அந்த ஒருவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை இலங்கையின் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். சொந்தப் பணத்தில் டேட்டா வாங்கிக் கற்பித்தவர்கள் அவர்கள். ஆசிரியரின் நிய்யத்தைப் பற்றிப் பேசுவது அவருடைய சம்பளப் பேச்சை அமுக்குவதற்காக இருக்கக் கூடாது. அதே வேளை, சம்பளம் மட்டும் தீர்த்துவைக்காத ஒன்றும் இருக்கிறது. கஸ்ஸாலி பக்தாதின் நிழாமிய்யாவில் நாட்டின் மிக உயர்ந்த ஆசிரியப் பதவியில் இருந்தார். 1095இல் தன்னைத் தானே உற்றுப் பார்த்தபோது, தன் கற்பித்தலைத் தூண்டியது இறை திருப்தியன்று, புகழும் பதவியுமே என்று கண்டு அந்த ஆசனத்தை விட்டு இறங்கி நடந்தார். மாணவனின் ஊக்கலைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எழுதியவர், முதலில் நோய்நாடிப் பார்த்தது ஆசிரியரின் ஊக்கலை. எத்தனையோ ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி கற்பிக்கத் திரும்பினார். திரும்பியபோது தாம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, தம் நோக்கம் மாறிவிட்டது என்றே அவர் கருதினார்.

நமக்கு ஆசனத்தைவிட்டு இறங்கும் வசதி இல்லை. திங்கட்கிழமை காலையில் வகுப்பு இருக்கிறது, மாலையில் வட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆனால் அடுத்த முறை ஒரு நட்சத்திரத்தை ஒட்டுமுன், ஒரு பட்டியலை வெளியிடுமுன், இது பிள்ளையின் திரியைத் தூண்டவா அல்லது என் குழுவின் எண்ணிக்கையைக் காட்டவா என்று கேட்டுக்கொள்ளும் அவகாசம் நமக்கு இருக்கிறது. திரியைத் தூண்டியவர் தூண்டுகோலை விளக்கிலேயே விட்டுவைப்பதில்லை. சுடர் நின்றெரியத் தொடங்கியதும் அதை எடுத்து ஓரத்தில் வைத்துவிடுகிறார்.